மங்கையற்கரசிக்கு வந்த திவசச் சோறு

"இது ஆரின்ர சோறு, பிள்ளை?"

"என்ர சோறுதான், அக்கா."

"நீ அடுப்பே மூட்டேல்லையே. ஆர் தந்தது?"

"அவர் படைச்சது. நான் செத்து இண்டைக்கு ஒரு வருசமாம்."

மீள்குடியேறிய முதல் வருடம், 2010 வைகாசியில், பாப்பாமோட்டையில் மங்கையற்கரசிக்கும் பக்கத்து வளவுச் சிவலட்சுமிக்கும் இடையில் நடந்த பேச்சு இது. சிவலட்சுமி இன்றைக்கும் இதைச் சொல் மாறாமல் சொல்வாள். லண்டனில் நிரூபன் தன் மனைவிக்கு உச்சிப்பொழுதில் வைத்த திவசப் படையல், நேர வித்தியாசம் நாலரை மணி என்பதால், பின்னேரம் நாலரைக்கு அந்த மனைவியின் தகரக் கொட்டில் வாசலில் ஆவி பறக்க இருந்தது. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. இலையோரத்தில் அவளுடைய படத்தின் பிரதியொன்று பொட்டு வைத்தபடி கிடந்தது. பருப்பு கருகியிருந்தது. நிவாரணப் பட்டியலோடு வந்த கிராம சேவகர் இலையைப் பார்த்தார். வருடத்தில் ஒருநாள்தானே, இதை எழுதத் தேவையில்லை என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போனார்.

நிரூபன் கலியாணமாகி எட்டாம் மாதம், 1997இல், வெளிநாடு போனவன். லண்டனில் பகலில் பெற்றோல் நிலையத்தில் நின்றான். மாலையில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு 'பதுங்குகுழி' என்றொரு பங்க் இசைக்குழு நடத்தினான். காதில் சட்டை ஊசி, தலையில் சேவல் கொண்டை, கையில் கடன் வாங்கிய கிற்றார். ஒரு பாட்டு இரண்டு நிமிடம், அது முழுக்கத் தமிழில் கத்தல். ஊருக்கு ஒலிநாடா அனுப்பினான். மின்சாரம் இல்லாத காலம் அது. மங்கையற்கரசி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் அதைக் கேட்டாள். "உன்ர மனுசனை ஆரோ பிடிச்சு வைச்சு அடிக்கிறாங்கள் போல கிடக்கு" என்றாள் சிவலட்சுமி. எல்லாப் பாட்டிலும் அவன் "வாறன், வாறன்" என்றே கத்தினான். பதினொரு வருடம் அப்படிக் கத்தினான், வரவில்லை. வயலில் நெல் முற்றும் நாட்களில் அவள் அந்த நாடாவைப் போட்டுக் குருவி கலைத்தாள். குருவிகள் அடுத்த போகம் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

பிறகு யுத்தம் நெருங்கி, ஊர் முழுவதும் கிழக்கே ஓடியது. கடைசி மாதம் ஒரு பதுங்குகுழியில் அவளுடைய பை தவறிப்போனது. அடையாள அட்டையும் அவனுடைய தொலைபேசி இலக்கமும் அதற்குள்தான் இருந்தன. பை வேறொரு பெண்ணின் உடலுக்குப் பக்கத்தில் கிடந்து எடுக்கப்பட்டது. மங்கையற்கரசியின் பெயர் செத்தவர்களின் பட்டியலில் ஏறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மேடையில் நிரூபன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கிற்றாரைச் சுவரில் மாட்டிவிட்டு, சத்தத்தைப் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்வில் நடந்தவை மங்கையற்கரசிக்கு இலையில் வந்தே தெரிந்தன. இரண்டாம் வருடச் சோறு பதமாக வெந்திருந்தது. ஆனால் சம்பலுக்குள் மாசி கிடந்தது. திவசச் சமையலில் மாசிக் கருவாடு போடக் கூடாது என்று தெரியாத, ஆனால் கை ருசியுள்ள ஒருத்தி சமைத்திருந்தாள். "வேதக்காரப் பிள்ளை, மாதா கோயில்காரி. கரைப் பக்கத்து ஆள்" என்றாள் சிவலட்சுமி, விரலை நக்கியபடி. அது சரியாகத்தான் இருந்தது. அவன் அங்கே இரண்டாவதாகக் கட்டியவள் பெயர் பெற்றிசியா, மன்னார் ரவுணைச் சேர்ந்தவள். அடுத்த வருடம் மாசி இல்லை. யாரையோ கேட்டுத் திருத்தியிருந்தாள். நாலாம் வருடம் இலைக்கடியில் மாணவர்களின் விடைத்தாள் இருந்தது, அவன் படித்த இடத்திலேயே படிப்பிக்கத் தொடங்கியிருந்தான். ஆறாம் வருடம் ஒரு வடையில் சின்னப் பல் பதிந்திருந்தது. அந்த வடையை மங்கையற்கரசி சாப்பிடவில்லை. காயும்வரை அலுமாரியில் வைத்திருந்தாள்.

"ஒரு போன் எடுத்து, உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லன், விசரி. இப்ப இலக்கம் எடுக்கலாம்தானே."

"சொல்லலாம் அக்கா. சொன்னால் அந்தப் பிள்ளையின்ர தாய் அவருக்கு ஆர்?"

வாறன் என்று கத்தியவன் ஏன் வரவில்லை என்று அவனிடம் கேட்க அவளுக்கு இருந்தது. கேட்டால் ஒரு வீடு உடையும், இந்த இலையும் வராது. வருடத்தில் ஒருநாள் அவன் அவளை நினைத்து வைக்கும் சோறு அது. கேட்காமல் இருந்தாள்.

ஏழாம் வருடம் சோற்றோடு அவனுடைய நாவல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் செத்தாள். நன்றாக எழுதியிருந்தான், வாசித்து அவளே அழுதாள். உடுத்திருந்தது நீலச் சேலை என்றிருந்தது மட்டும் பிழை. சாகும்போது கதையில் வரும் பெண் கணவனை மன்னித்தாள்.

2018 வைகாசியில் நாவலுக்கு ஏதோ பரிசு கிடைத்து, அவன் திவசத்தைச் செத்தவளின் மண்ணிலேயே செய்ய வந்தான். அவள் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவன் வாடகைக்குப் பிடித்த வானில் இருந்து இறங்கி, அவளுடைய பழைய வளவின் வாசலில் இலையை விரித்து, பார்சலைப் பிரித்துப் படைத்துவிட்டு நிமிர்ந்தான். தலை நரைத்திருந்தது, காதில் ஊசித் துளை மட்டும் இருந்தது.

"வந்திட்டியா, மங்கை" என்றான்.

அவன் திடுக்கிடவில்லை. செத்தவர்கள் திவசத்துக்கு வருவார்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியவன். அவள் உயிரோடு இருக்கலாம் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஒவ்வொரு வருசமும் வந்து சாப்பிட்டனியே?"

"ஓம். முதல் வருசம் பருப்பு கருகிப்போச்சு."

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். "புத்தகம்?"

"வாசிச்சனான்."

"அதில நீ என்னை மன்னிச்சிட்டாய்."

"அது நீங்கள் எழுதினது."

வேலிக்கு அப்பால் சிவலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நெல்லுக்கு வந்த காகத்தை யாரும் கலைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால், அவன் நிம்மதியோடு வானில் ஏறி, பெற்றிசியாவிடமும் அந்தச் சின்னப் பல்லிடமும் போய்விடுவான். அது அவளுக்குத் தெரியும். அவன் இலைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, செத்தவர்களைக் கேட்பது போலவே கேட்டான்.

"உனக்கு என்ன குறை, மங்கை? என்ன வேணுமெண்டாலும் கேள். செய்யிறன்."

மன்னித்தவள் புத்தகத்தில் இருந்தாள். முற்றத்தில் நின்றவள் நெல்லுத் தூசி படிந்த கையைச் சேலையில் துடைத்தாள்.

"நான் சாகேல்லை. இனி எனக்குப் படைக்காதேங்கோ."