பூச்சியும் வரலாறும்

வேறு பட்டம் படித்தவர்களைக் கணக்கியலுக்கு மாற்றும் அந்த ஓராண்டு வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. பழைய படிப்பே பெயராகிவிட்டது. பூச்சியியல் படித்தவள் பூச்சி. பக்கத்து இருக்கைக்காரன் வரலாறு. தத்துவம் என்று ஒருவர் இருந்தார், இது பற்றா வரவா என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன?" என்பார்.

பூச்சி ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. அப்பா பக்கவாதத்தில் படுத்ததும், காடு மேடெல்லாம் சுற்றிய ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வீட்டோடு இருந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலைக்காகச் சேர்ந்தவள். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் மற்றவர்கள் முகம் மலரும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை பயிற்சிக்காகத் தானியக் கிடங்கில் இருப்புக் கணக்கு எடுக்க அனுப்பினார்கள். அவளுக்கு ஜோடி வரலாறு. மூட்டைகளை எண்ணிக்கொண்டே போனவள் ஒரு மூட்டையருகே குந்திவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"அரிசி வண்டு. மூக்கப் பாருங்களேன். அதாலதான் தானியத்துல ஓட்ட போடும். உள்ள முட்டைய வச்சு, மேல பூசி மூடிடும்."

"வெளிய தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

அவனும் பக்கத்தில் குந்தினான். வாசலிலிருந்து மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். "இதோ வந்துட்டோம் சார்" என்றானே தவிர எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். அவள் பேச்சை அப்படி யாரும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அன்றிலிருந்து அவன் வரத் தாமதமானால் அவளுக்குப் பாடம் மண்டையில் ஏறாது.

தேர்வுக்கு முன்பே அவன் கிளம்பினான். தூரத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. மாடிப்படியில் நிறுத்திச் சொன்னான்.

"கணக்கு எனக்கு ஒட்டவே இல்ல. நீங்களும் உங்க காட்டுக்கே போயிடுங்களேன், பூச்சி."

"அப்பாவ யார் பாத்துக்குவா?"

அவன் தலைகுனிந்தான். போகாதீங்க என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

அவள் தேர்ச்சி பெற்றாள். தணிக்கை அலுவலகம் ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில், வேலையும் கிடைத்தது. அவனுக்குப் போன் போட்டாள்.

"பாஸாயிட்டேன்."

"பாஸாவீங்கன்னு தெரியுமே."

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். மணி அடித்தது. "வகுப்பு இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

"யாரும்மா?" என்றார் அப்பா, குழறிய நாக்கோடு.

"கூடப் படிச்சவர்ப்பா."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒருநாள் வரச் சொல்லேன்" என்றார்.

சாயங்காலம்வரை அவன் கூப்பிடவில்லை. அவளே மறுபடி போட்டாள்.

"அப்பா உங்கள வரச் சொன்னார்."

"அப்பா மட்டுமா?"

"இல்ல."

அந்தப் பக்கம் காலண்டர் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"லீவுக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றான்.

"கிடக்கட்டும். வந்தாப் போதும்."