மூன்று கொட்டேஷனும் ஒரு கம்ப்யூட்டரும்

தமிழ்செல்வியின் பழைய லேப்டாப்புக்கு ஒரு கல்யாணத்தைச் செரிக்க ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து எக்ஸ்போர்ட் கொடுத்தால், அது முழுப் படமாக வெளியே வருவதற்குள் அவள் சமைத்து, துவைத்து, காய்ந்த துணியை மடித்தும் வைத்துவிடுவாள். பாதியில் நின்றுபோனால் மறுநாளும் அதே கதை.

வேலை கொடுக்கும் ஸ்டுடியோ வேடியப்பன் நல்ல மனிதர்தான். ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும்போது நல்ல மனிதரும் எத்தனை நாள் பொறுப்பார்? கீழ்பென்னாத்தூர் கல்யாண வீடியோ திங்கட்கிழமைக்குள் வரவில்லையென்றால் மற்ற வேலைகளை வேலூருக்குக் கொடுத்துவிடுவதாகப் போனில் சொல்லிவிட்டார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் கையில் இருந்தது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் நல்ல கம்ப்யூட்டரே அதற்குள் அமையும், திரைக்கு வீட்டு டி.வி. போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கில் விட்டுப்போனது வீட்டுக்காரர் மட்டும்தான்.

கணவர் வளவன் ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு எழுத்தர். மேஜையோ துடைப்பமோ, எதற்கும் மூன்று கொட்டேஷன் வாங்குவார். எது கம்மியோ அதுதான். பதினோரு வருஷத்தில் அந்தப் பழக்கம் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் இருந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பெண் பார்க்கவும் மூன்று வீடு ஏறியவர்தான். அதில் தான் எத்தனையாவது கொட்டேஷன் என்று தமிழ்செல்வி இன்றுவரை கேட்டதில்லை.

“நீ எதுக்கு அலையற? நான் பாத்துக்கறேன்” என்றார். அவள் தொழிலுக்கு ஒத்தாசை செய்யப்போகிற சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் ஆபீஸ் விட்டதும் கடை கடையாக ஏறினார். வியாழக்கிழமை ஒப்பீட்டுப் பட்டியல் தயார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று விலை எழுதி, கம்மியானதைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பிராசசர் ஒரு கடையில் கம்மி, மதர்போர்டு இன்னொரு கடையில் கம்மி, ரேம் மூன்றாவது கடையில். நாலாயிரம் மிச்சம் பிடித்துவிட்டதாக மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு தேரடிப் பக்கம் இருந்த சல்மானின் கடைக்குப் போனாள். விலை கொடுத்த மூவரில் அவனும் ஒருவன். வேங்கிக்காலில் அடுத்த தெருக்காரன். பட்டியலை ஜாதகம் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தான்.

“எல்லாம் நல்ல சரக்குதான்க்கா. ஒண்ணுக்கொண்ணு பேசாது, அவ்ளோதான்.”

பிராசசர் ஒரு கம்பெனி, போர்டோ இன்னொரு கம்பெனி பிராசசருக்காகச் செய்தது, அதில் இது உட்காரவே உட்காராது என்று விளக்கினான். ரேம் பழைய தினுசு. போர்டு கேட்பது புதுத் தினுசு. பெட்டியைப் பிரித்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார்.

“அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேங்க்கா. நீ விலையை மட்டும் சொல்லு தம்பின்னுட்டாரு.”

பொருந்துகிற பாகங்களாகப் பார்த்து அவனே வேறு பட்டியல் எழுதிக் கொடுத்தான். முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

சாயங்காலம் அவள் சொன்னதையெல்லாம் வளவன் பொறுமையாகக் கேட்டார். முழு ஆர்டரும் கிடைக்காத கடைக்காரன் வேறென்ன சொல்லுவான் என்றார். கம்மியை விட்டு ஜாஸ்திக்கு வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வரும் என்றார்.

“நம்ம வீட்டுக்கு எந்த ஆடிட்டுங்க வருது?”

“பழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல, செல்வி.”

அவள் அதோடு விட்டுவிட்டாள். தோசை போடும்போது மட்டும், விலை கம்மியாயிருந்தும் உதவாத சாமான் வந்துவிடாமல் ஆபீசில் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று வெறுமனே கேட்டாள். வளவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிபந்தனை! முதலில் நிபந்தனை எழுத வேண்டும். அதற்கு உட்பட்டவன்தான் விலையே சொல்லலாம். முதுகுவலிக்கார அதிகாரி ஒருவருக்கு நாற்காலி வாங்கிய கதையை விஸ்தாரமாகச் சொன்னார். அந்தக் கதையோடு வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

சனிக்கிழமை காலை காபியோடு ஒரு வெள்ளைத்தாள் அவர் முன்னால் வந்தது. ஓரம் விட்டு, எண் போட்டு எழுதியிருந்தாள். எல்லாப் பாகமும் ஒரே கடையில் வாங்கப்படும்; மொத்த விலையே கணக்கு. கடையிலேயே பூட்டி, ஒன்றரை மணி நேரக் கல்யாண வீடியோவை அரைமணிக்குள் எக்ஸ்போர்ட் செய்து காட்ட வேண்டும். தவறினால் கடைக்காரரே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பழுது வந்தால் பௌர்ணமியானாலும் அன்றைக்கே வேங்கிக்கால் வந்து பார்க்க வேண்டும்.

வளவன் இரண்டு இடத்தில் பேனாவால் திருத்தினார். கடைசி நிபந்தனையில் அவர் கண் நின்றது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் தேரடியிலிருந்து ஒரு ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட முடியுமா? வேங்கிக்காலிலேயே குடியிருப்பவனால்தான் வர முடியும்.

“இது யாருக்கோ அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி இருக்குதே.”

“எனக்கு இன்னாங்க தெரியும்? நானா ஆபீஸ் போறேன்?”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மதியம் வெயிலில் திரும்பி வந்தவரின் முகம் தொங்கியிருந்தது. ஒரு கடையில் ஓட்டிக் காட்டமாட்டோம் என்றார்களாம், இன்னொரு கடையில் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்களாம். சல்மான் ஒருவன்தான் சம்மதித்தான்.

“ஒத்தை கொட்டேஷன் செல்லாது, செல்வி. பதினஞ்சு நாள் டைம் குடுத்துத் திரும்பக் கேக்கணும்.”

திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

“பதினஞ்சு நாள்ல எனக்கு வேலையே இருக்காதுங்க” என்றாள். “அவசரம்னா ஆபீஸ்ல இன்னா பண்ணுவீங்க?”

அவள் குரல் மாறியிருந்ததை வளவன் அப்போதுதான் கவனித்தார். அவசரத்துக்கு வழி உண்டு என்றார் மெதுவாக. காரணத்தை எழுதி வைத்தால் மேலதிகாரி ஒத்தை கொட்டேஷனுக்கும் கையெழுத்துப் போடலாம்.

“அப்ப இந்த வீட்டுல மேலதிகாரி யாருங்க?”

வளவன் யோசித்தார். கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில் பேனா மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

“தேதியும் போடு” என்றார்.

மூன்று மணிக்குச் சல்மானின் மேஜைமேல் எல்லாம் பூட்டி முடிந்தது. பென்டிரைவில் கொண்டுபோயிருந்த கீழ்பென்னாத்தூர் கல்யாணத்தை ஏற்றி, எக்ஸ்போர்ட்டைத் தட்டினாள். வளவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஆனதும் சல்மான் டீ சொன்னான். அவருடைய டீ ஆறிப்போனது. பாதியைத் தாண்டியபோது, ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு தம்பி, பெட்டி சூடாயிடப் போவுது என்றார். தன்னைவிட அவருக்குத்தான் பதற்றம் என்பதைத் தமிழ்செல்வி பார்த்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாவது நிமிஷம் வேலை முடிந்தது.

கடை இணையத்திலேயே அதை வேடியப்பனுக்கு அனுப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மீதி ரெண்டு கல்யாணத்தையும் வந்து எடுத்துனு போம்மா என்றார் அவர்.

சொல்லலாம் என்று திரும்பினாள். வளவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்தக் கல்யாணத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெளம்பலாங்களா?”

“இரு, தாலி கட்டட்டும்” என்றார், திரும்பாமலே.