ஐந்தில் இரண்டு

கால்பந்துச் சங்கம் ஒரு விதி போட்டிருந்தது. தலையில் அடிபட்டவனிடம் டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொல்வார். சற்று நேரம் கழித்து அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சீசன் தொடக்கத்தில் இதே சோதனையில் அவனே வாங்கிய மதிப்பெண்ணை விடக் குறைந்தால் மூன்று மாதம் வெளியே. அதற்குள் அவன் இடத்தை இன்னொருவன் பிடித்துவிடுவான்.

ஆகவே சீசன் தொடக்கத்தில் அத்தனை பேரும் மக்காகிவிடுவார்கள்.

என் தம்பி கோல்கீப்பர். யாருடைய பிறந்தநாள் எப்போது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எல்லாம் அவனைத்தான் கேட்போம். அவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மறக்கப் பழகினான். சங்கத்தின் சோம்பேறித்தனத்தில் வார்த்தைகள் வருஷா வருஷம் அதேதான்: விரல், ஜன்னல், மணல், தொப்பி, ஏணி.

"விரல்... ஜன்னல்... அவ்வளவுதான் டாக்டர்," என்று தலையைச் சொறிவான்.

"ரொம்பச் சொறியாதடா, பேன்னு நினைச்சுக்கப் போறாரு."

"முதல் ரெண்டு போதும்க்கா. எவ்வளவு அடி வாங்கினாலும் அது வாயில வந்துடும்."

சீசன் நடுவில் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. டாக்டர் ஓடிப்போய்க் கேட்டார். தம்பி தலையைச் சொறிந்தான்.

"நடிக்கிறான் பாரு!" என்று எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டாக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். தம்பி கோலுக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

விசாரணையில் சங்கச் செயலாளர் சொன்னார்: "சீசன் தொடக்கத்துலயும் ரெண்டு, அன்னிக்கும் ரெண்டு. குறையலையேம்மா. விதிப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு."

வெளியே அணியின் கேப்டன் நின்றிருந்தான். உயரத்துக்காக எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுவார்கள். அன்று குனிந்தே நின்றான்.

"அக்கா, அவன் சொன்னது மணல், ஏணி. விரலும் ஜன்னலும் வரவே இல்ல. பக்கத்துல நின்ன எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு. அன்னிக்கு அவன் நடிக்கலக்கா."

"வாயில என்னடா வெச்சிருந்தே?"

"சொன்னா மொத்த டீமும் மாட்டியிருப்போம். எல்லாருக்கும் பொய் மார்க்குதானே."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உண்மை சொல்பவனை வீட்டுக்கும் பொய் சொல்பவனை மைதானத்துக்கும் அனுப்பும் விதியை எழுதியவர்கள் உள்ளே, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலையில் ஒரு பந்துகூட விழுந்திருக்காது.

தம்பியின் சாவைப் பார்த்துச் சங்கம் விதியைக் கடுமையாக்கிவிட்டதாம். மூன்று மாதம் இப்போது ஆறு மாதம். வார்த்தைகள் மட்டும் அதே ஐந்து.

இந்த சீசன் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று கொக்குவிடம் கேட்டேன்.

"எல்லாரும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னோம்க்கா," என்றான்.