லுகேரியாவின் பிள்ளை

குதிரைப்படை மரபினரான கோசாக்குகளின் அந்தக் கிராமத்துக்கு நாங்கள் வந்தது 1933 வசந்தத்தில். அரசுக்குத் தரவேண்டிய தானியத்தை ஒளித்தார்கள் என்று சொல்லி, பனிக்காலத்திலேயே அதிகாரிகள் ஊர்க்காரர்களை ரயிலேற்றி வடக்கே அனுப்பியிருந்தார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள்தான் மிச்சம். பட்டாளத்திலிருந்து வந்த என் கணவர் யெர்மோலாய்க்கு ஆற்றோரம் அப்படிக் காலியான வீடு ஒன்று கிடைத்தது. மேசையில் மரக்கரண்டிகள் கழுவாமல் கிடந்தன. அந்த வீட்டில் நாங்கள் இருவரும் குரல் தாழ்த்தியே பேசினோம்.

ஜூனில் ஒரு நண்பகல். வேலிக்கு மேலாகக் கையை விட்டு, உள்தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். காலில் கந்தல் சுற்றியிருந்தது.

"பயப்படாத தங்கச்சி. எம்பேரு லுகேரியா. இந்த வீட்டு மருமக. ஒரு மண்வெட்டி குடு, போயிடறேன்."

யெர்மோலாய் எழுந்து வந்தார். "கோதுமைய எங்க பொதைச்சிருக்கீங்க?"

"கோதுமை இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

அவர் மண்வெட்டியை அவளிடம் கொடுக்கவில்லை. அவள் காட்டிய இடத்தில், செர்ரி மரத்தடியில், தானே தோண்டினார். ஆட்டுத்தோல் அங்கியில் சுற்றிய சின்ன மூட்டை. அதை யாரும் பிரிக்கவில்லை. புரோஷ்கா, மூன்று வயது. ரயிலேற்ற வந்தவர்கள் இடுகாடு வரை போக நேரம் தரவில்லையாம்.

"அவன் தாத்தா பக்கத்துல படுக்க வைக்கணும். அதுக்குத்தான் தப்பிச்சு வந்தேன். ஆனா என்னப் பாத்தா புடிச்சுக் குடுத்துடுவாங்க."

"நான் கொண்டுபோறேன்," என்றேன்.

கூடையில் வைத்துப் புல்லால் மூடினேன். அவள் நாணல் வழியாக வந்து தூரத்தில் நின்றுகொண்டாள். இடுகாட்டில் குழி வெட்டும் நிகான்தர், எஞ்சிய ஊர்க்காரர்களில் ஒருவர். கூடையைப் பார்த்தார்.

"யாரு புள்ளம்மா?"

"என்னோடது."

"பேரு?"

"புரோஷ்கா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலே, லுகேரியா அடையாளம் சொல்லியிருந்த தாத்தாவின் சிலுவைக்குப் பக்கத்தில் வெட்டத் தொடங்கினார். மண் மூடியதும் திரும்பிப் பார்த்தேன். நாணலில் யாரும் இல்லை. அவள் என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரியவில்லை.

அதுவரை எங்களோடு பேசாத உள்ளூர்ப் பெண்கள் அடுத்த ஆண்டு இறந்தவர்களுக்கான நாளில் வாசலுக்கு வந்து, "உன் பையனுக்கு" என்று, கல்லறையில் வைக்கும் சாயம் பூசிய முட்டை ஒன்றைத் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். மாவு பிசையும்போது அவனுக்கு இப்போது எத்தனை வயது என்று கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டது.

அதற்கடுத்த ஆண்டு எனக்கு வலி எடுத்தது. வயிற்றைத் தடவிக்கொண்டே மருத்துவச்சி கேட்டாள், "தலைச்சனா?"

"இல்ல, ரெண்டாவது."

வாசலில் நின்ற யெர்மோலாய் ஆமாமென்று தலையாட்டினார்.