வழிமொழிய ஒரு தங்கை

குடும்பத்துப் பம்பு கம்பெனியின் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் அவளுக்கு ஒரே வேலைதான். தலைவரான அண்ணன் தீர்மானத்தை வாசிப்பார். முன்வரிசையில் இருக்கும் தங்கை எழுந்து "வழிமொழிகிறேன்" என்பாள். எல்லோரும் கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். தலையாட்டி பொம்மையைக்கூட யாராவது தட்டிவிட்டால்தான் ஆடும். இவளைத் தட்டிவிடவும் தேவைப்பட்டதில்லை.

இந்த வருடத் தீர்மானம், அண்ணன் மகனை மறுபடியும் நிர்வாக இயக்குநராக்குவது. வந்ததும் வராததுமாகச் சோதனைக்கூடத்தை இழுத்து மூடிச் செலவைக் குறைத்த மகா புத்திசாலி அவன். பம்புகளை ஓட்டிப் பார்த்து அனுப்பும் அந்தக் கூடத்தைக் கல்யாணத்துக்கு முன் நடத்தியவள் அவள். இப்போது விற்ற பம்புகள் திரும்பி வந்து கிடங்கு வாசல்வரை குவிந்து கிடந்தன. போன மாதம் அண்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். "உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி? சாப்பிட்டுட்டுப் போ" என்றார். சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். சேமிப்பையெல்லாம் இந்தக் கம்பெனிப் பங்கில் போட்டவர்.

"பம்பெல்லாம் ஏன் சார் திரும்பி வருது? சோதனைக்கூடத்தை ஏன் மூடினீங்க? அதைச் சொல்லிட்டு ஓட்டுக் கேளுங்க."

பின்வரிசை முழுக்க "சொல்லுங்க, சொல்லுங்க" என்றது. மேடையில் மகன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் சிரித்தார். "யாரு எந்த நாற்காலியில உக்கார்றதுங்கறது எங்க குடும்ப விஷயம். குடுக்கறதை வாங்கிட்டுப் போங்க."

கம்பெனி ஆட்கள் வாத்தியாரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, பழக்கதோஷத்தில் நேராக அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்கள்.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. இத்தனை வருடம் சொன்னபடியெல்லாம் எழுந்து உட்கார்ந்த தன் முட்டிக்கால்கள் மேலேயே கோபம் வந்தது. கம்பெனிப் பங்குகளில் குடும்பத்தின் கையில் இருந்தது பாதிக்குச் சற்று மேல். அவளுடைய பங்கை எடுத்துவிட்டால் பாதிக்கும் கீழே. இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கிறேன்" என்றாள்.

புரட்டிய கை நின்றது. "என்னம்மா இது, நாலு பேர் முன்னாடி? வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வந்தப்போ சாப்பிட்டுட்டுப் போன்னீங்க. குடும்ப விஷயம்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க? நானும் குடும்பந்தாண்ணா. என் பங்கு அத்தனையும் எதிர்ப்புல எழுதிக்கச் சொல்லுங்க."

அண்ணன் மகன் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பின்வரிசைக்கு நடந்துபோய் மைக்கை வாத்தியாரிடமே கொடுத்தாள்.

"பாதியில பிடுங்கிட்டாங்க. நீங்க கேளுங்க சார்."