ருக்குமணி பாடிய கேசட்டு

ருக்குமணி அந்தக் கேசட்டை மெர்சியின் கையில் கொடுத்ததுமே கூட வந்திருந்த அவள் புருஷன் அர்த்தனாரி அதைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அரியூர் நாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த இந்த நர்சுக்கு ஊசி போடுகிற வேலை போதாதா? தன் அப்பா சர்ச்சில் பாடிய கேசட்டுகளை ஏதோ மெசினில் போட்டுச் செல்போனில் ஏற்றினாளாம். அதை ஊர் பூராவும் சொல்லியும் தொலைத்தாள்.

விஷயம் இதுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ருக்குமணி பாடிய நடவுப் பாட்டை அவள் அண்ணன் டேப்பில் பிடித்தான். ஊரே அவள் குரலை மெச்சியது. அர்த்தனாரிக்குப் பொறாமை, வேறென்ன! ஆளில்லாத நேரம் பார்த்து அதே கேசட்டில் தானும் முழங்கிவிட்டார். பெண்டாட்டி வரும் சத்தம் கேட்டு அணைத்தவர்தான். அவள் பாட்டை அழித்துவிட்டோமே என்ற பயத்தில் அப்புறம் அதைத் தொடவேயில்லை. டேப்ரிக்கார்டரும் அந்த மழைக்காலத்தோடு மண்டையைப் போட்டது.

“பூஞ்சை புடிச்சிருக்குது பாருங்க அம்மிணி. மெசினு கெட்டுப்போயிரும்.”

“எல்லாம் தொடைச்சாச்சுங்க ஐயா,” என்றாள் மெர்சி. ஊசி போடுவதற்கு வைத்திருந்த பஞ்சும் ஸ்பிரிட்டும் மேசையில் கிடந்தன.

ருக்குமணி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். “அப்ப எங்கொரலு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு கண்ணு.”

அதைக் கேட்டு அர்த்தனாரிக்குத் தாங்கவில்லை.

“ருக்கு, வேண்டாம்! உம்பாட்டு அதுல இல்ல. நாந்தான் மேல பாடி அழிச்சுப்போட்டேன்!”

அதற்குள் மெர்சி பட்டனை அழுத்திவிட்டாள். கரகரவென்று ஓர் இரைச்சல். நாற்றுக்கட்டு விழும் சத்தம், பெண்களின் சிரிப்பு, அதற்கு மேலே கணீரென்று ருக்குமணி. ஒரு வரி விடாமல் முழுப் பாட்டும் இருந்தது! அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அர்த்தனாரியும் மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கு அவசரத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பாடியிருக்கிறார், கேணை மனுஷன். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார்.

பாட்டு முடிந்தது. ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க, அப்ப நீங்க பாடுனது எங்க போச்சு?”

“அது கெடக்குது. வா, ஊட்டுக்குப் போலாம்.”

“இருங்க. கண்ணு, அதத் திருப்பிப் போடு. நல்லாச் சத்தமா வையி. வெளிய ஊசிக்கு ஒக்காந்திருக்கறவங்களையும் உள்ள வரச்சொல்லு.”