அந்த ஐம்பது மீட்டர்

என் மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் இறந்த இடத்தைப் பற்றிய கேள்வி என் மேசைக்கு வந்தது.

எனக்கு மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவில் வேலை. மூன்றாம் மாடி, எட்டு மேசை, ஒரு ஜன்னல். உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் சொல்லும் பதில்களை நாங்கள்தான் எழுதுகிறோம். ஒரு கேள்வி வந்ததும் முதலில் பார்ப்பது, அது நம்முடையதா என்று. அரசமைப்பில் மூன்று பட்டியல்கள் உண்டு: மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலங்களுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. நம்முடையதில்லை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதில் நான் கெட்டிக்காரன். தட்டச்சர் அக்கா எனக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்திருந்தார். அடித்த பந்து அடித்தவனுக்கே திரும்பிவிடுமாம்.

கேள்வி எண் பதினான்கு. (அ) ஆற்றுப் பாலம் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் முக்கால் அடிப் பள்ளம் இருப்பது அரசுக்குத் தெரியுமா? (ஆ) அங்கே இதுவரை எத்தனை பேர் இறந்துள்ளனர்? (இ) அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு?

நான்கு பேர். நான்காவது அவள். பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். காலை ஆறரை மணி. பள்ளம் நிறைய மழைத் தண்ணீர். தரை போலத்தான் தெரிந்திருக்கும்.

கேள்வியைக் கேட்க வைத்தவர் மாமா, அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மாநில அரசிடம் போனார். பாலம் மத்திய அரசுடையது என்றார்கள். பிறகு தொகுதி உறுப்பினரின் வாசலில் பதினோரு முறை போய் நின்றார். அவர் கேட்டது ஒன்றுதான். அந்தப் பள்ளம் எங்களுடையது என்று ஏதாவது ஓர் அரசாங்கம் அவையில் சொல்ல வேண்டும்.

பதில் எழுதுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம். அதே விஷயத்தில் முன்பு கொடுத்த பதிலைத் தேடி எடுத்து, தேதியை மட்டும் மாற்றுவோம். அரசாங்கத்துக்கு இரண்டு நாக்கு கூடாது. தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பு கிடைத்தது. 'பாலத்தோடு இணையும் சாலை மாநில அரசின் பொறுப்பு. ஆகவே மற்ற கேள்விகள் எழவில்லை.' கீழே, வரைவு எழுதியவரின் சுருக்கொப்பம். என்னுடையது.

எழுதிய நினைவே இல்லை. கால் மணி நேர வேலையாக இருந்திருக்கும்.

கோப்பின் கடைசியில் ஒரு வரைபடம் இருந்தது. மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் பிரித்ததே இல்லை. பிரித்தேன். பாலத்தின் இரு முனையிலும் ஐம்பது மீட்டர் சாலை மத்திய அரசுடையது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தது.

ஏழு மாதமாக எனக்கு எதுவும் வரவில்லை, அழுகைகூட. அன்று கோபம் வந்தது.

எழுதினேன்: (அ) ஆம். (ஆ) நான்கு. (இ) மத்திய அரசின் பொறுப்பு. முன்பு கொடுத்த பதில் தவறு.

"மூணே வரியில மந்திரியத் தூக்குல போட்டுட்டியே தம்பி," என்றார் பிரிவுத் தலைவர்.

வரைபடத்தைக் காட்டினேன். பார்த்தார். மறுக்கவில்லை. முன்பு சொன்னது தவறு என்றால் அமைச்சர் எழுந்து திருத்த அறிக்கை படிக்க வேண்டும். அவையை ஏமாற்றிவிட்டார் என்று எதிர்க்கட்சி குதிக்கும். கூட்டணி ஏற்கெனவே ஒற்றைக் காலில் நிற்கிறது என்றார்.

"தப்பு என்னோடது சார். என் பேரைப் போடுங்க."

"அவையில உனக்கு ஏதுப்பா பேரு? பதில் மந்திரியோடது, தப்பும் மந்திரியோடது. நாம ரெண்டு பேரும் இன்னும் பொறக்கவே இல்ல."

பத்து நாள் லீவு போடு, இதை வேறு ஆள் எழுதட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லீவு போடவில்லை. என் வரைவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. பழைய பதிலையே அவர் புதுத் தாளில் எழுதினார். இணைச் செயலாளர், செயலாளர், அமைச்சர் என்று கோப்பு மேலே ஏறியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கோப்பு திரும்பி வந்தபோது வரைபடம் நான் மடித்து வைத்தபடியே இருந்தது.

பதில் வரும் நாளில் அவையின் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். ஆறாவது கேள்வியோடு முடிந்துவிட்டது. மீதிக் கேள்விகளுக்கான பதில்கள் மேசையில் வைக்கப்பட்டதாக அவைத்தலைவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அமைச்சர் அப்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மாமா பார்வையாளர் மாடத்திலிருந்து இறங்கி வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"நம்ம நம்பர் எப்ப வரும் மாப்ள?"

"வந்துடுச்சு மாமா. பேப்பர்ல குடுத்துட்டாங்க."

நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"எந்தப் படுபாவி எழுதுனான் இதை?"

"இந்தத் தடவை எங்க ஆபீசர். போன தடவை நான்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே இதே கேள்வி வந்ததையும், நான் திருப்பி அனுப்பியதையும், வரைபடத்தைப் பிரிக்காததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"என்னை இனிமே மாமான்னு கூப்பிடாத," என்றார். பிறகு, "அந்தப் படத்துக்கு நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"எழுது. நீ செஞ்சதையும் சேத்து எழுது."

பதில் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். வரைபட எண், ஐம்பது மீட்டர், முதல் பதிலை எழுதியவன் நான், இரண்டாவதில் என் வரைவு அடிக்கப்பட்டது. பெயர், பதவி, பணியாளர் எண். அலுவலக ரகசியத்தை வெளியே கொடுத்ததற்கு வேலை போகும். போகட்டும்.

தாளை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உறுப்பினரின் அறை எந்த மாடி என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு முழங்கால் வலி. படிக்கட்டில் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். தட்டிவிட்டு ஏறினார்.